சைல்ட் சப்போர்ட் பாக்கிக்காக லைசென்ஸை முடக்கச் சொல்லலாமா?

பூங்குழலி77:
டெக்சஸில் இருக்கிறேன். விவாகரத்தாகி மூன்று வருடம், ஏழு வயது மகள் என்னிடம் இருக்கிறாள். அவள் அப்பாவுக்கு வேலை போய் ஐந்து மாதமாகச் சைல்ட் சப்போர்ட், அதாவது மகளை வளர்க்க அவர் மாதாமாதம் கட்ட வேண்டிய பணம், வரவில்லை. முன்பெல்லாம் சம்பளத்திலேயே பிடித்து அனுப்பிவிடுவார்கள். இப்போது அவர் சொந்தக் காரில் சாப்பாடு டெலிவரி செய்கிறார், ஒன்றும் வந்து சேரவில்லை. மூன்று மாதத் தொகை அளவுக்குப் பாக்கி சேர்ந்தாலே டிரைவிங் லைசென்ஸை முடக்கக் கேட்கலாம் என்று என் கேஸைப் பார்க்கிறவர் சொன்னார். இருந்த கோபத்தில் சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் லைசென்ஸ் போனால் அந்த டெலிவரியும் போய்விடும், அப்புறம் பணம் எங்கிருந்து வரும்? மாதத்தில் ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மகளைக் கூட்டிப் போக வருவதும் அந்தக் காரில்தான். இந்தப் பக்கம் பார்த்தால், அவள் மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து இரண்டு வாரமாக டேப் சுற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

நியூஜெர்சி_அம்மா:
செய்திருக்கிறேன் தங்கச்சி. என் முன்னாள் கணவர் சொந்தத் தொழில், கையில் காசாக வாங்குகிறவர், கேட்டால் இல்லை என்பார். லைசென்ஸ் போகப்போகிறது என்று கடிதம் போன பத்தாம் நாள் பாக்கியில் பாதியைக் கட்டினார், முடக்க வேண்டிய தேவையே வரவில்லை. வைத்துக்கொண்டே கொடுக்காதவரிடம் இது கட்டாயம் பலிக்கும். உன் ஆள் அந்த ரகமா, நிஜமாகவே இல்லாதவரா என்பது உனக்குத்தான் தெரியும்.

செந்தில்_சாக்ரமெண்டோ:
லைசென்ஸைப் பறிகொடுத்தவன் நான். அப்போது எனக்குக் கிடங்கில் காலை ஐந்து மணி ஷிப்ட், எங்கள் பக்கம் முதல் பஸ்ஸே ஐந்து நாற்பதுக்குத்தான், மூன்று வாரம் யார் யாரிடமோ கெஞ்சி ஏறிப் போனேன், நாலாவது வாரம் வேலை இல்லை. கலிபோர்னியாவில் பாக்கிக்கு வருடம் 10 சதவீத வட்டி வேறு. என் பெண்ணுக்குப் போக வேண்டிய பணம் அதனால் ஒரு டாலர்கூடக் கூடவில்லை, இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இங்கே 2025 ஜனவரியிலிருந்து, குடும்ப வருமானம் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) இடைநிலை வருமானத்தில் 70 சதவீதம் வரை இருக்கிறவரின் லைசென்ஸில் கை வைக்கக்கூடாது என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அது காலம் கடந்து வந்தது. கொடுக்காமல் இருந்தது சரி என்று சொல்லவில்லை அம்மா, குழந்தைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஓட்டிப் பிழைக்கிறவனிடம் ஓட்டாதே என்று சொல்லிவிட்டுப் பணம் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

வைகைக்கரையான்:
பல வருடமாக மனு எழுத உதவி செய்கிறவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். லைசென்ஸை முடக்க ஒவ்வொரு மாநிலமும் வழி வைத்திருக்க வேண்டும் என்று 1996-இல் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் சொல்கிறது, அதனால் இது எங்கேயும் உண்டு. ஆனால் டெக்சஸில் எடுத்த எடுப்பில் பிடுங்க முடியாது. தவணையில் கட்ட அவருக்கு முதலில் வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், நோட்டீஸ் கையில் கிடைத்து 20 நாளுக்குள் அவர் விசாரணை கேட்கலாம், தவணையை ஒழுங்காகக் கட்டும்வரை முடக்கத்தை நீதிபதி நிறுத்தியும் வைக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது அந்தத் தவணையை. இன்னொன்று, இதை அவரிடமே சொல்லுங்கள்: வேலை போனதும் தொகையைக் குறைக்க மனுப் போட்டிருக்க வேண்டும். 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி ஏறிவிட்ட பாக்கியைப் பின்தேதியிட்டு எந்த நீதிபதியும் குறைக்க முடியாது, மனுப் போட்டு உங்களுக்குத் தகவல் வந்த நாளிலிருந்துதான் குறையும். பேசாமல் இருக்கிற ஒவ்வொரு மாதமும் அவர் தலையில் முழுத்தொகை ஏறுகிறது.

பூங்குழலி77:
அவர் இல்லாதவர்தான் அக்கா, யோசித்துப் பார்த்தால் தெரிகிறது. செந்தில் அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். திங்கட்கிழமை என் கேஸைப் பார்க்கிறவருக்குப் போன் செய்து, முடக்க வேண்டாம், தவணை போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். மனு விஷயத்தை இந்த வெள்ளிக்கிழமை அவர் வாசலுக்கு வரும்போது நானே சொல்கிறேன். கண்ணாடியை நாளைக்கு மாற்றிவிடுகிறேன், அதற்கு யாருக்காகவும் காத்திருக்க முடியாது.