இன்டர்கலேஷனுக்கு ‘இடைச்செருகல்’ போதுமே

வணக்கம் ஐயா.

டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே ஒரு தட்டையான மூலக்கூறு நுழைந்துகொள்வதுதானே இன்டர்கலேஷன்? அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘ஊடுபிணைப்பு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வேதிப்பிணைப்பு எதுவும் உருவாவதில்லையே! புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பிளாட்டினம், டி.என்.ஏ.வின் காரங்களில் ஒன்றான குவானினின் நைட்ரஜனோடு நேரடியாகப் பிணைகிறது, டி.என்.ஏ. அந்த இடத்தில் வளைந்தே போகிறது. பிணைப்பு என்ற சொல் அதற்கு இருக்கட்டும்.

ருத்தேனியம் என்ற உலோகத்தைச் சுற்றி ஈனிகள் (ligands) என்னும் மூலக்கூறுகள் ஒட்டிய அணைவுச் சேர்மத்தின் கதை வேறு. அதன் ஈனிகளில் தட்டையாக நீண்டிருக்கும் ஒன்று மட்டும் ஏணிப்படிகளான கார இணைகள் இரண்டுக்கு நடுவே நுழைகிறது. உலோகம் வெளியே, டி.என்.ஏ. முறுக்கை ஒட்டி ஓடும் பள்ளத்தில் (groove) நிற்கிறது. அந்த இரு படிகளுக்கு நடுவிலுள்ள 0.34 நானோமீட்டர் இடைவெளி ஏறக்குறைய இரு மடங்காகிறது, முறுக்கும் கொஞ்சம் தளர்கிறது. பாவாடை நாடாவில் கொசுவத்தைச் செருகுகிறோமே, முடிச்சில்லாமலே நிற்கிறதல்லவா? அதனால்தான் ‘இடைச்செருகல்’ என்கிறேன்.

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். வெறும் நீரில் அந்தச் சேர்மம் நீல ஒளிக்கு அசையவே இல்லை. டி.என்.ஏ. கரைசலைச் சேர்த்ததும் குப்பி முழுக்கச் செம்மஞ்சளாய் ஒளிர்ந்தது. தண்ணீர் பட்டால் அணையும் ஒளி அது. கார இணைகளின் நடுவே தண்ணீர் எட்டுவதில்லை. அமெரிக்க வேதியியலாளர் ஜாக்குலின் பார்ட்டன் குழுவினர் 1990-இல் அறிவித்த விஷயம்தான், ஆனாலும் நேரில் பார்ப்பது வேறு. ‘ஏனாயிது?’ என்று ஓடிவந்த கன்னடத் தோழிக்கு, விரல்களுக்கு நடுவே விரலைச் செருகிக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டாள்.

சுவடிப் பதிப்பில் இடைச்செருகல் என்றாலே குற்றம், அறிவியலுக்கு அது ஒட்டாது என்கிறீர்கள். எனக்கோ அதனால்தான் இன்னும் பிடிக்கிறது. புரோஃபிளேவின் என்ற சாயமும் இப்படிச் செருகிக்கொள்ளும் பொருள்தான், உலோகம் இல்லாதது. அது இருக்கும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்பட்டால் ஓர் எழுத்து, அதாவது ஒரு கார இணை, கூடும் அல்லது விடுபடும். அதற்குப் பிறகு வாசிப்பே மாறிப்போகும். மூலக்கூறு உயிரியலாளர்கள் கிரிக், பிரென்னர் முதலியோர் 1961-இல் இதை வைத்துத்தான் மரபுக்குறியீடு மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுகிறது என்று காட்டினார்கள். ஏடு படியெடுத்தவர் கையில் நடந்ததும் இதுதானே, ஐயா? நம் பதிப்பாசிரியர்கள் பழக்கிவைத்த சொல் இவ்வளவு பொருந்தும்போது புதிதாக எதற்கு ஒன்று? செருகிக்கொள்ளும் பொருளை ‘இடைச்செருகி’ என்றும் சொல்லிவிடலாம்.

அப்புறம், முன்னே சொன்ன டி.என்.ஏ. பள்ளத்துக்குத் தச்சர்களின் ‘காடி’யை எடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் காடி என்றால் புளித்த நீர் என்றும் பொருள். அமிலங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் குழப்பும். அகலமானதைப் பெரும்பள்ளம் (major groove), குறுகியதைச் சிறுபள்ளம் (minor groove) என்றே வைத்துக்கொள்வோமா?