எலைன் சோதனையை அரைகுறையாகப் படித்துவிட்டு "எல்லா உதவியும் சுயநலமே" என்பவர்களுக்கு

நேர்கோடு:
பக்கத்துத் திரியில் ஆழ்கடல் எழுதியதைப் பார்த்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். அவர் சொன்னது: "யாரும் அடுத்தவருக்காக உதவுவதில்லை. ஒருவர் வதைபடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் உதவுகிறார்கள். எலைன் சோதனையே இதற்குச் சான்று." முதல் இரண்டும் அவர் கருத்து, இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது அப்பட்டமான தவறு.

1981-இல் உளவியலாளர் டேனியல் பேட்சன் குழு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை அது. 44 மாணவிகள். எலைன் என்ற பெண் மின்னதிர்ச்சி வாங்குவதை ஒவ்வொருவரும் தனியாகத் திரையில் பார்க்க வேண்டும். (அவள் நடிக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.) சிறுவயதில் குதிரையிலிருந்து மின்வேலிமேல் விழுந்ததால் லேசான அதிர்ச்சியே தனக்குத் தாங்காது என்கிறாள் எலைன். மொத்தம் 10 சுற்று வரை போகலாம். பாதிப் பேரிடம் "நீங்கள் இரண்டு சுற்று பார்த்தால் போதும், கிளம்பலாம்" என்று முன்பே சொல்லியாகிவிட்டது. இரண்டு சுற்று முடிந்ததும் கேட்கிறார்கள்: அவளுக்குப் பதிலாக நீங்கள் உட்காருகிறீர்களா? தன்னைப் போன்றவர்மேல் பரிவு கூடும் என்பதால், எலைன் தன்னைப் போன்றவள் என்று சிலரை நம்பவைத்தார்கள். அவர்களில், கிளம்ப அனுமதி இருந்தவர்கள் 11 பேர். அதில் 10 பேர் "உட்காருகிறேன்" என்றார்கள்.

கதவு திறந்திருந்தது, ஐயா. பார்க்கச் சகிக்காவிட்டால் எழுந்து போயிருக்கலாமே?

ஆழ்கடல்:
என் பெயரைப் போட்டே திரி தொடங்கியதற்கு நன்றி. அறைக்குக் கதவு இருந்தது, சரி. மனசுக்கு எங்கே கதவு? வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு எலைன் முகம் வராதா? அதைத் தவிர்க்கத்தான் "நான் உட்காருகிறேன்" என்றார்கள். இது புரிய முனைவர் பட்டம் வேண்டாம்.

நேர்கோடு:
எலைன் தங்களைப் போன்றவள் இல்லை என்று நினைத்தவர்களும் அங்கே இருந்தார்களே? அதே அறை, அதே திறந்த கதவு. 11 பேரில் 2 பேர்தான் உதவினார்கள். மீதிப் பேருக்கு மட்டும் என்ன, மறதி மாத்திரை கொடுத்தார்களா?

ஆழ்கடல்:
அவர்களுக்கு உறுத்தவில்லை, போனார்கள். இவர்களுக்கு உறுத்தியது, போகவில்லை. எனக்காக வாதாடுவதற்கு மறுபடியும் நன்றி.

மாத்திரை என்றதும் நினைவு வந்தது. 1987-இல் ராபர்ட் சியால்டினி குழு உண்மையிலேயே ஒரு போலி மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தது. "இதைச் சாப்பிட்டால் இப்போதைய மனநிலை கொஞ்ச நேரத்துக்கு அப்படியே நிற்கும்" என்று சொன்னார்கள். உதவினாலும் தன் சோகம் குறையாது என்று தெரிந்ததும், பரிவோடு இருந்தவர்களே உதவ முன்வருவது குறைந்தது. உங்கள் பேட்சன் ரசிகர் மன்றம் இதை ஏன் சொல்வதே இல்லை?

நேர்கோடு:
சொல்வோமே. அடுத்த ஆண்டே ஷ்ரோடர் குழு அதே மாத்திரை வித்தையைச் செய்து பார்த்தது. முடிவு சியால்டினிக்குச் சாதகமாக வரவில்லை. அதே 1988-இல் பேட்சனும் உங்கள் "உறுத்தல்" கதையைச் சோதித்தார். "ஏற்கெனவே பலர் மறுத்துவிட்டார்கள்" என்று சாக்கு எடுத்துக் கொடுத்தும் பரிவு உள்ளவர்கள் நழுவவில்லை. இன்னொன்றில், உதவி தேவைப்பட்டவரின் சிக்கல் தானாகவே தீர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். தான் எதுவும் செய்யாமலே பரிவுள்ளவர்களின் மனநிலை மேம்பட்டது. தனக்குப் பெயர் வேண்டும், மனநிறைவு வேண்டும் என்று உதவுகிறவன் வாய்ப்புப் போச்சே என்றுதானே நினைப்பான்?

ஆழ்கடல்:
சாக்கு சொன்னால் உறுத்தல் போய்விடுமா? கேட்டதையே கேட்கிறேன். அறைக்குக் கதவு. மனசுக்கு?

மழைக்காலம்:
நீங்கள் இருவரும் யாருக்காவது எதையாவது செய்திருக்கிறீர்களா? நான் ரத்தத் தட்டணு கொடுக்கிறவள். ஊசி ஒரு பொருட்டில்லை. பாதியில் உதடு கூசத் தொடங்கும், விரல் நுனி மரத்ததுபோல் ஆகும். ரத்தம் உறையாமல் இருக்க இயந்திரத்தில் சேர்க்கும் சிட்ரேட், உடம்பில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. செவிலியர் கால்சியம் மாத்திரை ஒன்றைக் கொடுத்து மெல்லச் சொல்வார். இத்தனையும் முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக. இரவில் எந்த எலைனும் வந்து என்னை மிரட்டவில்லை.

ஆழ்கடல்:
வாழ்த்துகள் அம்மா. கேட்காமலே இங்கே வந்து சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் கூலி.

மழைக்காலம்:
சொன்னால் கூலி. சொல்லாவிட்டால் "மனசுக்குள் பெருமை" என்பீர்கள். எதைச் சொன்னாலும் உங்களுக்கே வெற்றி என்றால் பிறகு எதற்கு விவாதம்?

நேர்கோடு:
அப்படிக் கேளுங்கள் மழைக்காலம்! ஆனால் உங்கள் அனுபவம் சான்று ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது கட்டுப்பாட்டோடு நடந்த சோதனை பற்றி.

மழைக்காலம்:
உங்கள் பக்கம் பேச வந்தவளுக்கே இந்த மரியாதையா? நல்லது.

அரைத்தூக்கம்:
எனக்கு இந்தப் பேட்சன், பேச்சன் எல்லாம் தெரியாது. 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொலையை 38 பேர் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை. பரிவாவது, புண்ணாக்காவது.

வெண்கலமணி:
அந்த 38 பேர் கதை எப்போதோ அடிவாங்கிவிட்டது. 2007-இல் மானிங், லெவின், காலின்ஸ் மூவரும் ஆவணங்களை ஆராய்ந்து, 38 பேர் பார்த்துக்கொண்டு நின்றதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். உண்மையான கேமரா பதிவுகளை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் தெருக்களில் நடந்த 219 சண்டைகள். பத்தில் ஒன்பதில் அருகிலிருந்த ஒருவராவது தலையிட்டிருக்கிறார்.

அரைத்தூக்கம்:
தலையிட்டது உதவவா, அடிக்கவா? :)

வெண்கலமணி:
சமாதானப்படுத்த. கேள்வி கேட்கும் முன் படிக்கலாம். என்னைக் கேட்டால் கதவும் காரணமில்லை, மனசும் காரணமில்லை. 1973-இல் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இருக்கிறது. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுகிறார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். கையில் நேரம் இருந்தால் எல்லாரும் நல்லவர்கள்.

நேர்கோடு:
எப்போது உதவுகிறார்கள் என்பது வேறு, எதற்காக என்பது வேறு. தயவுசெய்து திரியைக் கலக்காதீர்கள். ஆழ்கடல் இன்னும் பதில் சொல்லவில்லை: உறுத்தலுக்கும் வழி அடைத்தாகிவிட்டது, பெருமைக்கும் வழி அடைத்தாகிவிட்டது, கதவு திறந்தே இருந்தது. பிறகும் ஏன் உட்கார்ந்தார்கள்?

ஆழ்கடல்:
பத்து தடவை சொல்லிவிட்டேன். அறைக்குத்தான் கதவு.

பழையகணக்கு:
நேர்கோடு, குழந்தைகள் பற்றிய திரியில் நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. 20 மாதக் குழந்தைகளுக்குப் பரிசுப்பொருள் கொடுத்தால், பிறகு அவர்கள் உதவுவது குறைகிறது என்று வார்னெக்கனும் தொமசெல்லோவும் 2008-இல் காட்டினார்கள். அதை நான் சொன்னபோது "குழந்தைகள் ஆய்வெல்லாம் வேடிக்கை" என்றீர்கள். மறுநாள் அந்தப் பதிவே காணோம்.

நேர்கோடு:
நான் எதையும் நீக்கவில்லை. அந்த ஆய்வு என் கருத்துக்குத்தானே பலம் சேர்க்கிறது? நான் ஏன் அதை வேடிக்கை என்று சொல்லப்போகிறேன்?

பழையகணக்கு:
அதேதான் என் கேள்வியும். அன்று சொன்னவன் நான் என்பதாலா?

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். பழைய திரிகளை இங்கே இழுக்க வேண்டாம்.

ஆழ்கடல்:
மட்டுறுத்துநர் ஐயா, என் பெயரைச் சொல்லித் தொடங்கிய திரியில் இப்போதுதான் தனிநபர் தாக்குதல் கண்ணில் படுகிறதா?

நேர்கோடு:
பெயர் சொன்னது தாக்குதல் இல்லை, மேற்கோள். உங்கள் மூன்றாவது வாக்கியம் இன்னும் அந்தத் திரியில் அப்படியே இருக்கிறது. திருத்தவும் இல்லை. திறந்த கதவு, 11-இல் 10 பேர். இதற்குப் பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

மழைக்காலம்:
கேளுங்கள். நான் இந்தத் திரியின் அறிவிப்பை நிறுத்திவிட்டேன்.

பழையகணக்கு:
நீக்கிய பதிவின் திரைப்பிடிப்பு என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் தனிமடலில் கேளுங்கள்.

அரைத்தூக்கம்:
எனக்கு அனுப்புங்க :)