[கலைச்சொல்] மேற்கோளா, சுட்டா? வெள்ளிக்குள் வேண்டும்

அன்புடையீர்,
நோயியல் அறிஞர் ராபின் வாரன் பற்றிய கலைக்களஞ்சியக் குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. வாழ்க்கைப் பகுதி முடிந்தது. ஆய்வு வெளியீடுகள் பகுதியில்தான் முட்டி நிற்கிறது. ஒரு கட்டுரையைப் பின்னால் வருபவர் ஆதாரமாகக் காட்டுவதற்கு ஒரு சொல் வேண்டும். தம் பழைய கட்டுரையைத் தாமே காட்டிக்கொள்வதற்கு இன்னொன்று. ஓர் ஆய்வாளரை அளக்க 2005-இல் இயற்பியலர் ஹிர்ஷ் முன்வைத்த 'எச்' எண்ணுக்கும், இதழ்களுக்குப் போடும் 'இம்பாக்ட் ஃபேக்டர்' கணக்குக்கும் தமிழ் தாருங்கள்.
– மா.ந.

மா.ந., முதலாவது மேற்கோள். இரண்டாவது தன்மேற்கோள். இதற்கு எதற்கு மடற்குழு?
– செ.

செ. அவர்களே, அவ்வளவு எளிதில்லை. மேற்கோள் என்றால் பிறர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துவைப்பது. மருத்துவக் கட்டுரையில் யார் அப்படிச் செய்கிறார்கள்? 'இரைப்பை அழற்சி உள்ளவர்களிடம் வளைந்த பாக்டீரியா காணப்படுகிறது' என்று தம் நடையில் எழுதுவார்கள், பக்கத்தில் ஓர் எண் போடுவார்கள், கடைசிப் பட்டியலில் லான்செட் மருத்துவ இதழில் 1984-இல் வந்த கட்டுரை இருக்கும். அது சுட்டுதல். ஆகவே சுட்டு, தன் + சுட்டு, தற்சுட்டு. மேலும் அளவைநூலில் (தருக்கத்தில்) மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசை மறந்துபோயிற்றா?
– க.வே.

க.வே. ஐயா, இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். 'இவர் கட்டுரையை ஆயிரம் பேர் சுட்டிருக்கிறார்கள்' என்றால் ஆயிரம் பேர் திருடினார்கள் என்றுதான் மாணவர் எழுதிக்கொள்வார்.
– தி.

சுடு என்பது ஒற்று இரட்டிச் சுட்டான் ஆகும். சுட்டு என்பது இன் இடைநிலை பெற்றுச் சுட்டினான் ஆகும். 'சுட்டியிருக்கிறார்கள்' என்று சொன்னால் குழப்பமே இல்லை. மாணவர் இலக்கணம் படிக்கவில்லை என்பதற்காகச் சொல்லைத் தண்டிப்பதா? தற்சுட்டு கேட்டதும் நன்னூல் நினைவுக்கு வருகிறது. தன்னைப் புகழ்தல் தகும் இடங்களில் முதலாவது 'மன்னுடை மன்றத்து ஓலைத் தூக்கினும்', அதாவது அரசவைக்கு ஓலை விடுக்கும்போது. ஆய்வு நல்கைக்கு விண்ணப்பம் போடுவதை அன்றே சொல்லிவிட்டார் பவணந்தி.
– க.வே.

ஓலையை விடுங்கள் ஐயா, கணக்குக்கு வருவோம். ஐந்து கட்டுரைகளை 25, 8, 5, 3, 3 முறை பிறர் காட்டியிருந்தால் எச் எண் 3. மூன்று கட்டுரைகளுக்கு மூன்றுக்குக் குறையாமல் இருக்கிறது; நான்காவதற்கு நான்கு இல்லை. அந்த 25, 2500 ஆனாலும் எண் அசையாது. எனவே குறைவாக எழுதிப் பெரிதாகச் சாதித்தவரை இந்த எண் சிறியவராகவே காட்டும். வாரனுக்கு வெறும் எண்ணை மட்டும் போட்டால் அநியாயம், மா.ந. அவர் 1979-இல் பெர்த்தில் நுண்ணோக்கியில் கண்டது என்ன, அது 2005 நோபல் பரிசு வரை போனது எப்படி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. 1983-இல் லான்செட்டில் அவரும் உடன் ஆய்வாளர் மார்ஷலும் தனித்தனியே எழுதியவை 'ஆசிரியருக்குக் கடிதம்' வகை. அப்படியே தமிழாக்கினால் வாசகர் கடிதம் என்று நினைத்துவிடுவார்கள். 'ஆய்வு மடல்' என்று போடலாம். இது இதழின் கணக்கிலும் புகும். ஓர் இதழின் 2023 'இம்பாக்ட் ஃபேக்டர்' மதிப்பு என்றால், 2021, 2022 இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றை 2023-இல் எத்தனை முறை காட்டினார்கள் என்பது மேலே; அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கை கீழே; மேலதைக் கீழதால் வகுக்க வேண்டும். மடலுக்குக் கிடைப்பது மேலே சேரும். மடல் கீழே எண்ணப்படாது. மடல் அதிகம் போடும் இதழுக்கு மதிப்பு கொஞ்சம் ஊதிக்கொள்ளும்.
– தி.

அப்படியானால் 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்பதற்கு நேர்ப் பெயர்ப்பான 'தாக்கக் காரணி' கூடாது. பள்ளிக் கணக்கில் 12-க்கு 3 காரணி. இது ஈவு அல்லவா? தாக்க ஈவு.
– செ.

'தாக்க வீதம்' ஆகாதா? ஈவு என்றால் ஈவிரக்கம்தான் நினைவுக்கு வருகிறது.
– இ. (யாழ்ப்பாணம்)

இங்கே வீதம் வட்டிக் கடையில் மட்டும்தான் புழங்குகிறது. இலங்கைப் பாடநூல்களில் நூற்றுக்கு இத்தனை என்பதும் அதுதானே? ஓர் இதழுக்கு 4 வீதம் என்றால் என்ன புரியும்?
– தி.

அன்பர்களே, நேரமில்லை. இப்போதைக்கு: மேற்கோள், தன்மேற்கோள், ஹிர்ஷ் எண், தாக்க ஈவு, ஆய்வு மடல். மேற்கோள் பக்கம் நால்வர், சுட்டுப் பக்கம் ஒருவர்.
– மா.ந.

ஒருவர் என்பது சரி. ஆனால் 'ஹிர்ஷ்' என்பதில் இரண்டு கிரந்த எழுத்து இருக்கிறதே, இர்சு எண் என்றால் அச்சகம் மறுக்குமா? தற்சுட்டை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.
– க.வே.