வீஸ் ஆலயப் பீடத்துத் தூண்கள்: பளிங்கா, சுதையா?

கேள்வி: ஜெர்மனியின் பவேரியாவில் டொமினிகஸ் ஸிம்மர்மன் 1745இல் தொடங்கிக் கட்டிய வீஸ் ஆலயத்தின் தலைமைப் பீடத்துச் சிவப்புத் தூண்கள் பளிங்கு இல்லை, சுதை என்கிறார்கள். சுதையில் இவ்வளவு பளபளப்பு எப்படி வரும்?

பதில் 1: சுதையேதான். ஜெர்மானியர் ஸ்டுக்மார்மோர் என்பார்கள், இத்தாலியர் ஸ்காலியோலா என்பார்கள். நிறம் மேலே பூசியதல்ல, உள்ளேயே கலந்தது. வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) கரைத்த நீரில் நிறப்பொடியைக் கலந்து, நயமான ஜிப்சம் மாவைச் சேர்த்து, சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைவார்கள். வேறு வேறு சாயலில் உருண்டைகள் பிடித்து, அடர்நிறக் குழம்பில் புரட்டி, ஒன்றாக அழுத்துவார்கள். அந்தக் குழம்புதான் ரேகையாகிறது. பிறகு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வில்லைகளாக அறுத்து, சொரசொரப்பாக்கி நனைத்த அடித்தளத்தில் பதிப்பார்கள். இறுகியதும் இழைப்பார்கள். உண்மையான உழைப்பு இனிமேல்தான்: தேய்ப்பது, தெரியும் துளைகளை அதே நிறக் குழம்பால் அடைப்பது, இன்னும் நயமான கல்லால் மறுபடி தேய்ப்பது. இப்படிப் பல சுற்று. முழுக்க உலர்ந்த பிறகே எண்ணெயும் மெழுகும்.

பதில் 2: வஜ்ஜிரத்தின் அளவில்தான் வேலை நிற்கும், கெடும். வெறும் ஜிப்சம் அரை மணிக்குள் இறுகிவிடும். வஜ்ஜிரம் அதைச் சில மணி நேரம் தள்ளிப்போடுகிறது, கெட்டிப்படுத்தவும் செய்கிறது. குறைந்தால் பிசையவே நேரம் இருக்காது, மெருகும் ஏறாது. கூடினால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். ஈரம் போகுமுன் எண்ணெய் தடவினால் உள்ளே நீர் சிக்கிக் கறை விழும். சுவரில் ஈரம் ஏறினால் உப்புப் பூத்து மேற்பரப்பு உதிரும்.

கேட்டவர்: நன்றி. நேரில் பார்த்தால் எப்படி இனம் காண்பது? இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் கல்லையே வைத்திருக்கலாமே?

பதில் 3: உள்ளங்கையை வைத்தால் பளிங்கு சில்லென்றிருக்கும், சுதை அவ்வளவு குளிராது. ஆனால் பீடத்தைத் தொட விடமாட்டார்கள். கண்ணால்தான் பார்க்க வேண்டும். உயரமான தூணில் இணைப்பே தெரியாமல், ரேகை சுற்றிலும் தொடர்ந்து ஓடினால் சுதையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கல்லை விட்டதற்குச் செலவு மட்டும் காரணம் என்று நினைப்பது இந்தக் கலையைக் குறைத்து மதிப்பது. கல் கிடைத்த நிறத்தில்தான் கிடைக்கும். சுதையில் நிறம் சிற்பியின் கையில். வீஸில் பீடத்தருகே சிவப்பும் மேல்மாடத்தில் நீலமுமாகத் தூண்கள் நிற்பதைக் கிறிஸ்துவின் இரத்தமாகவும் விண்ணக அருளாகவும் விளக்குகிறார்கள். அந்த நீலத்தை எந்தக் குவாரியில் வெட்டுவது?

பதில் 2: ஒன்று விட்டுப்போயிற்று. இதை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. ஜிப்சம் நீரில் சிறிது கரையும், மெருகு மங்கிவிடும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.