புதுப்பிப்பு: உழாமல் விட்ட அரை ஏக்கர்

போன சித்திரையில் கேட்டிருந்தேன்: கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் மானாவாரியில் அரை ஏக்கரை உழாமல், சோள அடிக்கட்டையை அப்படியே விட்டு உளுந்து போடலாமா என்று. போட்டுப் பார்த்தாயிற்று. ‘கோடை உழவு கோடி நன்மை’ என்று மாமா இன்னும் முறைக்கிறார்.

முதல் தலைவலி ஆடு. வைகாசியில் கிடை ஆடுகள் (நிலத்தில் இரவு அடைத்துவைக்கும் மந்தை) புகுந்து அடிக்கட்டையில் பாதிக்கு மேல் மேய்ந்துவிட்டன. அறுவடை முடிந்த காடு ஊருக்கே பொது மேய்ச்சல், யாரிடம் சண்டை போட? மூடாக்கு, அதாவது மண்ணை மூடிக் கிடக்கும் அந்தக் கட்டை, மிஞ்சியது கிழக்கு ஓரத்தில் மட்டும். வித்தியாசம் தெரிந்ததும் அங்கேதான். கார்த்திகையில் 18 நாள் மழை இல்லாதபோது உழுத பக்கம் உச்சி வெயிலில் இலை தொங்கியது, அந்த ஓரத்தில் தொங்கவில்லை. மூடாக்கு போன இடத்தில் உழாமல் விட்டதில் ஒரு லாபமும் இல்லை. மண் இறுகி வெடிப்பு விட்டு, முளைப்பும் பழுது.

அப்புறம் களை. கோரையும் அருகும் பிடித்துக்கொண்டன. டிராக்டரில் மிச்சம் பிடித்த 900 ரூபாயைக் களையெடுப்புக் கூலி தின்றுவிட்டது. மகசூல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த வருடம் கிடைக்காரரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். ஓரத்தில் வேலிக்கருவை முள் வெட்டிப் போடலாமா என்றும் யோசனை.