'பை', 'அன்டில்', 'வித்தின்': எதை எங்கே போடுவது?

வணக்கம் நண்பர்களே, அலுவலக மெயிலில் இந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் (by, until, within) ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். போன வாரம் 'ரிப்போர்ட்டை அன்டில் ஃப்ரைடே அனுப்புகிறேன்' என்று எழுதிவிட்டேன், வெள்ளி வரை தினமும் ஒன்று வரும் என்று மேலாளர் எடுத்துக்கொண்டார். 'அன்டில்' என்றால் அதுவரை தொடர்வது, 'பை ஃப்ரைடே' என்றால்தான் வெள்ளிக்குள் முடிப்பது என்று அப்புறம்தான் புரிந்தது. தமிழில் 'வெள்ளிக்குள்', 'மூன்று நாளுக்குள்' இரண்டுக்கும் ஒரே 'குள்' போதும், ஆங்கிலத்தில் முன்னதற்கு 'பை', பின்னதற்கு 'வித்தின்', அங்கேதான் சறுக்குகிறேன்.

சரி, 'இன் த்ரீ டேஸ்' என்றால் மூன்று நாள் கழித்தா, அதற்குள்ளாகவா? 'பைவீக்லி'க்கு வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்று அகராதி இரண்டு பொருளும் தருகிறது. வாடிக்கையாளருக்கு எழுதும்போது நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? உதாரணத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.