எஃப்சிக்குப் போன காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவசர உதவி

பழையவண்டி:
எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்காக, ஆர்டிஓ ஆபீசில் காரைக் காட்டப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்பர் சரியில்லை, சரிபண்ணிக் கொண்டுவாங்க" என்று அனுப்பிவிட்டார். பின்னால் பத்து வண்டி நின்றது, மேற்கொண்டு கேட்க முடியவில்லை. திங்களோடு தேதி முடிகிறது. என்ன செய்வது?

கோவைக்குமரன்:
சொந்த உபயோக ஓன் போர்டா, டாக்சி மஞ்சள் போர்டா? எந்த வருஷ வண்டி?

நாலுசக்கரம்:
நம்பர் பிளேட்தான், வேறென்ன. ஸ்டைல் எழுத்து, சாமி பெயர் இருந்தால் கழற்றுங்கள். என் மச்சானுக்கும் இதே கதைதான்.

டீசல்ராஜா:
பிளேட் எல்லாம் சாக்கு. முன்விளக்கில் எல்இடி பல்பு மாட்டியிருப்பீர்கள்.

சட்டம்தெரிந்தவன்:
முதலில் கேள்வி கேட்கப் பழகவும். சொந்தக் காருக்கு 15 வருஷம் வரை எஃப்சி கிடையாது. ஆக, உங்களுடையது டாக்சி, இல்லையென்றால் 15 முடிகிற கார். சொந்தக் காராக இருந்தால் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. முடிவதற்கு 60 நாள் முன்பே கொடுக்கலாம். கடைசி வாரம் வரை தூங்கிவிட்டு இங்கே வந்து அவசரம் என்றால்?

பழையவண்டி:
மன்னிக்கவும். 2010 பெட்ரோல், ஓன் போர்டு. பிளேட் புதிது. பல்பு வண்டியோடு வந்தது. போன வாரம்தான் டிங்கரிங், பெயின்டிங் முடித்தேன், பளபளவென்று இருக்கிறது.

மாநகர்வாசி:
15 வருஷம் யாரும் பார்க்காமல் விடுவதே தப்பு. பிரிட்டனில் கார் வாங்கி 3 வருஷத்தில் முதல் சோதனை, பிறகு வருஷாவருஷம். சிங்கப்பூரில் 3 வருஷத்திலிருந்து 10 வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷம் தவறாமல். இங்கேயும் டாக்சிக்கு 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும். சொந்தக் காரில் பிரேக் தேயாதா?

டீசல்ராஜா:
வருஷாவருஷம் என்றால் புரோக்கருக்குத்தான் யோகம். 600 ரூபாயாக இருந்த காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, பார்ப்பது மட்டும் அதே ஐந்து நிமிடம். டாக்சி வருஷத்துக்கு அரை லட்சம் கிலோமீட்டர் ஓடும். என் அப்பா கார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்து 2,000 தாண்டாது. இரண்டும் ஒன்றா?

மாநகர்வாசி:
நிற்கிற வண்டியில்தான் வினை. டயரில் தரையைத் தொடும் பட்டன் புதுசாக இருக்கும், பக்கவாட்டில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். நாலுவழிச் சாலையில் 100-ல் போகும்போதுதான் தெரியும்.

டீசல்ராஜா:
அதற்கு நல்ல மெக்கானிக் போதும். முத்திரை எதற்கு?

பட்டறைஅண்ணன்:
பெயின்ட் அடித்தேன் என்று தம்பி சொன்னதை யாரும் படிக்கவில்லையா? அது சேசிஸ் நம்பர், வண்டி உடம்பிலேயே அடித்திருக்கும் அடையாள எண். காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்தால் அச்சு விழுந்திருக்காது. பட்டியும் பிரைமரும் ஏறி மூடியிருக்கும். எங்கே அடித்திருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஓனர் கையேட்டில் பாருங்கள். உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒரு எழுத்து அழிந்தாலும் திருட்டு வண்டியோ என்று சந்தேகம் வரும். தின்னரில் நனைத்த வேஸ்ட் துணி, பழைய டூத்பிரஷ், பொறுமை. அது போதும்.

சட்டம்தெரிந்தவன்:
நானும் அதைத்தான் சொல்லவந்தேன்.

நாலுசக்கரம்:
பிளேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழையவண்டி:
சேசிஸ் நம்பர்தான். பாதி எழுத்து பெயின்டுக்கு அடியில் இருந்தது. இன்று ஆகிவிட்டது, இன்னும் 5 வருஷத்துக்குக் கவலையில்லை. பட்டறை அண்ணனுக்கு நன்றி.

மாநகர்வாசி:
வாழ்த்துகள். பிரேக்கைப் பார்த்தார்களா?